மாத்திரை கிடைக்காத மாதங்கள்

அமெரிக்காவில் கவனக் குறைபாட்டுக்காக அடரால் என்ற ஆம்ஃபெட்டமின் மாத்திரையைச் சாப்பிடும் ஒருவர், ஒவ்வொரு மாதமும் அதை வாங்குவதற்கு என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். பழைய சீட்டை நீட்டி மறுபடி வாங்க முடியாது. ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு வேண்டும். அதுவும் பெரும்பாலும் 30 நாளுக்குத்தான். ஆகவே தேதியை நினைவில் வைத்திருக்க வேண்டும். சீக்கிரம் போனால் ‘இன்னும் நாள் இருக்கிறது’ என்று திருப்பி அனுப்புவார்கள். தாமதமாகப் போனால் கையில் மாத்திரை இருக்காது. ஒரு கடையில் சரக்கு இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போன் செய்ய வேண்டும். இந்த மருந்து இருக்கிறதா இல்லையா என்று பல கடைகளில் போனில் சொல்ல மாட்டார்கள், நேரில்தான் போக வேண்டும். கிடைக்கும் கடைக்குச் சீட்டை மாற்றி வாங்கப் பெரும்பாலும் மறுபடி மருத்துவரின் அலுவலகம், மறுபடி காத்திருப்பு. நாள் கணக்கு வைப்பது, சலிப்பூட்டும் வேலையை விடாமல் தொடர்வது, பாதியில் நின்ற காரியத்தை விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வது ஆகிய மூன்றும் யாருக்குக் கைவராதோ, அவர்களைச் சோதிப்பதற்கென்றே அமைத்தது போலிருக்கிறது இந்த நடைமுறை.

2022 அக்டோபர் 12 அன்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், அடராலின் சாதாரண மாத்திரைக்குத் தட்டுப்பாடு என்று முறையாக அறிவித்தது. முக்கிய உற்பத்தியாளரான டெவா நிறுவனத்தில் உற்பத்தி விட்டு விட்டுத் தாமதமாவதாகக் காரணம் சொல்லப்பட்டது. பின்னணி அதைவிடப் பெரியது. கோவிட் காலத்தில், மருத்துவரை நேரில் பார்க்காமல் இணையவழியாகவே சீட்டு வாங்கலாம் என்று விதி தளர்ந்தது, தேவை ஏறியது. ஆனால் இந்த வகை மருந்தை நாடு முழுவதும் ஆண்டுக்கு எவ்வளவு தயாரிக்கலாம் என்பதைப் போதைப்பொருள் அமலாக்கத் துறை ஒதுக்கீடு போட்டு முன்கூட்டியே முடிவுசெய்கிறது. ஒதுக்கீடு போதவில்லை என்றார்கள் உற்பத்தியாளர்கள். 2023 ஆகஸ்டில் அந்தத் துறையும் மருந்து நிர்வாகமும் சேர்ந்து வெளியிட்ட கடிதம் பழியைத் திருப்பிப் போட்டது: 2022இல் கொடுத்த ஒதுக்கீட்டில் ஏறத்தாழ 70 சதவீதத்தைத்தான் நிறுவனங்கள் விற்றன, இன்னும் சுமார் 100 கோடி டோஸ் தயாரித்திருக்கலாம் என்றது. எது சரி என்ற வாதம் நடந்துகொண்டே இருந்தது. கடை கடையாக அலைந்தவர்களின் நிலையை ஒரே ஒரு எண் சொல்லிவிடும். 2023ஆம் ஆண்டு நிலவரம் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் நடத்திய கணக்கெடுப்பில், கவனக் குறைபாட்டுக்கு ஊக்கி மருந்து எடுத்துவந்த பெரியவர்களில் 71.5 சதவீதம் பேர், சீட்டு இருந்தும் மருந்து கிடைக்காமல் திண்டாடியதாகச் சொன்னார்கள்.

தட்டுப்பாடு அமெரிக்காவோடு நிற்கவில்லை. 2023 செப்டம்பர் இறுதியில் பிரிட்டனின் சுகாதாரத் துறை, மெத்தில்ஃபெனிடேட், லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின், குவான்ஃபசின் ஆகிய மூன்று கவனக் குறைபாட்டு மருந்துகளுக்கும் தட்டுப்பாடு என்று நாடு தழுவிய எச்சரிக்கை விடுத்தது. ஜப்பானில் அடராலைப் பையில் வைத்துக்கொண்டு விமானத்திலிருந்து இறங்குவதே குற்றம். இந்தியாவில் கவனக் குறைபாட்டுக்கு ஆம்ஃபெட்டமின் மாத்திரைகள் விற்பனையில் இல்லை. மெத்தில்ஃபெனிடேட் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருவதால் எல்லா மருந்துக் கடைக்காரர்களும் அதை வாங்கி வைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் மெத்தில்ஃபெனிடேட்டைச் சேர்க்கும்படி 2019இலும் 2021இலும் விண்ணப்பங்கள் போயின, இரண்டுமே ஏற்கப்படவில்லை. மாத்திரை கிடைக்காத மாதம் என்பது சிலருக்கு விபத்து. உலகின் பெரும்பகுதிக்கு அதுதான் வழக்கமான நிலை.

ஆகவே மாத்திரை இல்லாமல் என்ன செய்வது என்ற கேள்வியை நேராகக் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன், மாத்திரை என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிய வேண்டும்.

1930களில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நடத்தைச் சிக்கல் உள்ள குழந்தைகளுக்கான ஒரு மருத்துவ இல்லத்தில் சார்லஸ் பிராட்லி மருத்துவராக இருந்தார். அந்தக் காலத்தில் மூளையைப் படமெடுக்க முதுகுத்தண்டு நீரை வெளியே எடுத்துக் காற்றைச் செலுத்துவார்கள். குழந்தைகளுக்குத் தலை பிளக்கும் வலி வரும். அந்த வலிக்கு உதவுமா என்று பென்செட்ரின் என்ற ஆம்ஃபெட்டமின் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார் பிராட்லி. வலிக்குப் பெரிய பலனில்லை. ஆனால் சிலர் வகுப்பில் உட்கார்ந்து கணக்குப் போடத் தொடங்கிவிட்டதாக ஆசிரியர்கள் சொன்னார்கள். முறையாக 30 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் 14 பேரிடம் கண்கூடான மாற்றம். 1937இல் அதை அவர் கட்டுரையாக வெளியிட்டார். குழந்தைகள் அதற்கு வைத்த பெயர் ‘கணக்கு மாத்திரை’.

ஏன் கணக்கு? அறுபது வருடங்களுக்கு மேல் கழித்து மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு அதற்கு ஒரு விடை தந்தது. 2004இல் வெளியான அந்த ஆய்வில், இந்தக் குறைபாடு இல்லாத 16 பேரிடம் மெத்தில்ஃபெனிடேட் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னார்கள். மூளையில் டோபமின் எவ்வளவு ஏறுகிறது என்று ஸ்கேனில் பார்த்தார்கள். மருந்தோடு கணக்கும் சேர்ந்தபோது டோபமின் ஏறியது. மருந்தை எடுத்துக்கொண்டு சும்மா படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்படி ஏறவில்லை. டோபமின் ஏறியவர்களுக்குக் கணக்கு சுவாரசியமாகவும் இருந்தது, அவர்களே அப்படிச் சொன்னார்கள். மாத்திரை அறிவைக் கூட்டவில்லை. எதிரே கிடக்கும் வறட்டு வேலைக்கு, ‘இதைச் செய்யலாமே’ என்று தோன்றும் அளவுக்கு ஒரு இழுப்பைக் கொடுக்கிறது.

இந்தக் குறைபாட்டைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதிவந்த உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி திரும்பத் திரும்ப வலியுறுத்துவது இதைத்தான்: இவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், தெரிந்ததை, செய்ய வேண்டிய இடத்தில், செய்ய வேண்டிய நொடியில் செய்ய முடிவதில்லை. கரண்ட் பில் கட்ட வேண்டும் என்பது இவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் இரண்டு தடவை ஃபியூஸ் பிடுங்கப்பட்டிருக்கும். இன்னொரு உளவியலாளரான எட்மண்ட் சோனுகா-பார்க் இதோடு இன்னொன்றைச் சேர்த்தார். காத்திருப்பதே இவர்களுக்குத் தாங்க முடியாத எரிச்சலாக இருக்கிறது. தூரத்தில் இருக்கும் பெரிய பலன், பக்கத்தில் இருக்கும் சின்னப் பலனிடம் சீக்கிரம் தோற்றுவிடுகிறது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால், மாத்திரை இல்லாத நாட்களுக்குச் சொல்லப்படும் ஆயிரம் யோசனைகளில் எது வேலை செய்யும், எது செய்யாது என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். தலைக்குள் இருந்தபடி உதவ முயலும் எதுவும் (அறிவுரை, உறுதிமொழி, ‘இனி ஒழுங்காக இருப்பேன்’) தோற்கும். வேலை நடக்கும் இடத்தில், கண்ணில் படும்படி, உடனடிப் பலனோடு வெளியே நிற்பது ஓரளவு பலிக்கும்.

‘ஓரளவு’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். மாத்திரைக்கு ஈடாக இன்னொன்று இருக்கிறது என்று விற்பவர்கள் பலர். அவர்களை நம்பத் தேவையில்லை.

முதலில் உடல் சார்ந்த விஷயங்கள், ஏனென்றால் இங்கே தவறினால் ஆபத்து. மெத்தில்ஃபெனிடேட்டும் ஆம்ஃபெட்டமினும் சீக்கிரம் உடலை விட்டுப் போய்விடுபவை. சாதாரண மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையின் பலனே மூன்று நான்கு மணி நேரம்தான். மருத்துவர் சொன்ன அளவில் எடுத்துவந்தவருக்கு நின்றுபோனால் சில நாள் தூக்கம் தூக்கமாக வரும், பசி கூடும், மனம் சோர்ந்து கிடக்கும். சோர்வு ஆழமாகப் போனால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குவான்ஃபசின், குளோனிடின் கதை வேறு. இவை ரத்த அழுத்தத்தைக் குறைப்பவை. திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறும். கையில் பத்து மாத்திரை மிச்சமிருக்கும்போதே மருத்துவரைப் பார்த்து, படிப்படியாகக் குறைக்க வேண்டும். தீர்ந்த பிறகு போவது தாமதம். ஊக்கி அல்லாத மருந்தான அட்டோமாக்ஸெட்டினுக்கு மாறலாம் என்று மருத்துவர் சொன்னால், அது முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும் என்று தெரிந்து மாற வேண்டும். மூன்றாம் நாளே ‘இது எனக்கு ஒத்துவரவில்லை’ என்று தூக்கி எறிபவர்கள் நிறைய. நண்பரின் மாத்திரையைக் கடன் வாங்குவதும், இணையத்தில் பெயர் தெரியாதவரிடம் வாங்குவதும் வேண்டவே வேண்டாம். 2024 ஜூனில் ஓர் இணையவழிச் சிகிச்சை நிறுவனத்தின் தலைவர் கைதானபோது, 30,000 முதல் 50,000 பேருக்குச் சீட்டு கிடைக்காமல் போகலாம் என்று நோய்க் கட்டுப்பாட்டு மையம் எச்சரித்தது. அவர்கள் கள்ளச் சந்தைக்குப் போனால் ஃபென்டனில் கலந்த போலி மாத்திரைகள் காத்திருக்கும் என்பதே அதன் கவலை.

அடுத்தது வண்டி. 23 லட்சம் அமெரிக்க நோயாளிகளின் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரே ஆளை மருந்து எடுத்த மாதத்திலும் எடுக்காத மாதத்திலும் ஒப்பிட்டது. மருந்து எடுத்த மாதங்களில் சாலை விபத்தால் அவசரப் பிரிவுக்குப் போகும் வாய்ப்பு ஆண்களுக்கு 38 சதவீதமும் பெண்களுக்கு 42 சதவீதமும் குறைவாக இருந்தது. எனவே மருந்து இல்லாத மாதத்தில் எதையாவது ஒன்றைக் கைவிடலாம் என்றால், நான் முதலில் சொல்வது நெடுந்தூரம் வண்டி ஓட்டுவதை. பஸ்ஸில் போங்கள். மிச்சமிருக்கும் மாத்திரைகளை எந்தெந்த நாளுக்கு என்று பிரித்து வைக்கலாமா என்பதையும் மருத்துவரோடு பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். பேசும்போது வண்டி ஓட்டியே ஆக வேண்டிய நாட்களைச் சொல்ல மறக்கக் கூடாது.

காபியைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். காஃபின் தூக்கச் சமிக்ஞையான அடினோசினைத் தடுக்கிறது. அதனால் கொஞ்சம் விழிப்பு வரும். ஊக்கி மருந்து செய்வதோடு ஒப்பிட்டால் சொற்பம். மாலை நாலு மணிக்கு மேல் குடிக்கும் மூன்றாவது டம்ளர் ராத்திரித் தூக்கத்தைத் தின்றுவிடும், தூக்கம் கெட்டால் மறுநாள் கவனம் இன்னும் மோசம். இந்தக் குறைபாடு உள்ள பலருக்கு ஏற்கெனவே தூக்கம் தாமதமாகத்தான் வருகிறது. உடற்பயிற்சி செய்தால் அதன் பிறகு கொஞ்ச நேரம் தலை தெளிவாக இருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் கஷ்டமான வேலையை வைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம்.

இனி பெரியவர்களின் அன்றாடம். 2010இல் இரண்டு நல்ல ஆய்வுகள் வந்தன. ஸ்டீவன் சாஃப்ரனின் குழு 86 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அறிவுசார் நடத்தைப் பயிற்சியும் மறுபாதிக்குத் தளர்வுப் பயிற்சியும் கொடுத்தது. மேரி சோலன்டோவின் குழு 88 பேரிடம் நேரத்தையும் வேலையையும் திட்டமிடக் கற்றுத்தரும் குழுப் பயிற்சியைச் சோதித்தது. இரண்டிலும் சோதிக்கப்பட்ட பயிற்சியைப் பெற்றவர்கள் மேலாக வந்தார்கள். ஆனால் சாஃப்ரனின் ஆட்கள் எல்லோரும் மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். மாத்திரை இல்லாதவருக்கும் அதே பலன் கிட்டும் என்று அந்த ஆய்வை நீட்டிப் படிப்பது நேர்மையில்லை.

பயிற்சியின் உள்ளடக்கத்தைப் பார்த்தால் ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும். ஒரே ஒரு நாட்காட்டி, ஒரே ஒரு வேலைப் பட்டியல். இரண்டாவது என்று ஒன்று இருக்கவே கூடாது. சலிப்பான வேலையில் கவனம் சிதறாமல் எத்தனை நிமிடம் இருக்க முடிகிறது என்று கடிகாரம் வைத்து அளந்துகொள்வது. பன்னிரண்டு நிமிடம் என்றால், வருமான வரிப் படிவத்தைப் பன்னிரண்டு நிமிடத் துண்டுகளாக வெட்டுவது. நடுவில் ‘கேஸ் புக் பண்ண வேண்டுமே’ என்று நினைவு வந்தால் எழுந்து போகாமல் பக்கத்தில் உள்ள காகிதத்தில் எழுதிவிட்டு, துண்டு முடிந்ததும் பார்ப்பது. கேட்கச் சாதாரணம்தான். ஆனால் நம் நினைவில் இயல்பாக நடக்கும் ஒரு வேலையைக் காகிதத்துக்கும் அலாரத்துக்கும் மாற்றிக் கொடுக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். காகிதம் மேசை மீது இருக்க வேண்டும். போனில் ஆறாவது பக்கத்தில் ஒளிந்திருக்கும் செயலி வெளியே நிற்பதாகாது. அதைத் திறக்க வேண்டும் என்பதே இன்னொரு நினைவு.

ஜெர்மனியில் கேட்டரினா காவ்ரிலோவும் பீட்டர் கோல்விட்சரும் குழந்தைகளிடம் இன்னொன்றைச் சோதித்தார்கள். ‘கவனமாக இருப்பேன்’ என்பதற்குப் பதிலாக, ‘இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன்’ என்று ஒரு வாக்கியத்தைச் சொல்லிவைத்தபோது, கவனக் குறைபாடுள்ள குழந்தைகளால் கையைக் கூடுதலாக அடக்கிக்கொள்ள முடிந்தது. முடிவெடுக்கும் சுமையை முன்கூட்டியே இறக்கி, ஒரு நிகழ்வின் தலையில் கட்டிவிடுவதால் இப்படி. ‘காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் லேப்டாப்பைத் திறப்பேன்’ என்பது நல்ல வாக்கியம். ‘காலையில் வேலையை ஆரம்பிப்பேன்’ என்பதில் டம்ளர் போல் கையில் தட்டுப்படுவது எதுவும் இல்லை.

இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் வேலை ஓடுகிறது என்று இவர்களில் பலர் சொல்வார்கள். அவர் உதவ வேண்டாம், பேச வேண்டாம், தன் பாட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தால் போதும். ஆய்வுக்கூடத்தில் இது அதிகம் அலசப்படவில்லை. ஆனால் காசு செலவில்லை, கெடுதல் இல்லை. இடத்தையும் நொடியையும் வெளியே இருந்து பிடித்து வைக்கிறது என்பதால் பலிக்கக் காரணமும் இருக்கிறது. நான் பரிந்துரைப்பேன். மூளைப் பயிற்சி விளையாட்டுகளுக்குப் பணம் கட்டுவதைப் பரிந்துரைக்க மாட்டேன். சோனுகா-பார்க் தலைமையில் ஒரு பெரிய குழு, குழந்தைகளுக்கான மருந்தில்லாச் சிகிச்சைகளை எல்லாம் திரட்டி 2013இல் எடைபோட்டது. பெற்றோரைக் கேட்டால் எல்லாமே பலித்ததாகச் சொன்னார்கள். யாருக்கு எந்தச் சிகிச்சை என்று தெரியாத ஒருவர் மதிப்பிட்டபோது விளையாட்டுகள், மூளை அலைப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி எல்லாவற்றின் பலனும் சுருங்கியது. விளையாட்டில் பழகியவர் அந்த விளையாட்டில் தேறுகிறார். வீட்டுப்பாடம் அப்படியே கிடக்கிறது.

அதே ஆய்வு நடத்தைப் பயிற்சியையும் சுருக்கியதே, அதை மட்டும் ஏன் விடாமல் பிடித்துக்கொள்கிறீர்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குழந்தை அமைதியாவது குறைவாகத்தான் தெரிகிறது. ஆனால் வீட்டில் சண்டை குறைகிறது, பெற்றோர் குழந்தையை நடத்தும் விதம் மாறுகிறது. யாருக்கு எந்தச் சிகிச்சை என்று தெரியாதவர்கள் மதிப்பிட்ட பின்னாளைய அலசலிலும் அந்த மாற்றங்கள் தாக்குப்பிடித்தன. ஒரு குழந்தையின் நாளில் அது சின்ன விஷயமில்லை.

குழந்தைகளைப் பொறுத்தவரை பெரிய சாட்சியம் 1999இல் வெளியான எம்டிஏ ஆய்வு. ஏழு முதல் ஒன்பது வயது வரையிலான 579 குழந்தைகள், நான்கு குழுக்கள், 14 மாதங்கள். கவனமாக அளவு பார்த்துக் கொடுக்கப்பட்ட மருந்து, அறிகுறிகளைக் குறைப்பதில் நடத்தைப் பயிற்சியை வென்றது, சந்தேகமே இல்லை. ஆனால் பயிற்சி மட்டும் பெற்ற குழுவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக் குழந்தைகள் அந்த 14 மாதமும் மாத்திரையைத் தொடாமலே தாக்குப்பிடித்தார்கள் என்பது தலைப்புச் செய்தியில் வரவில்லை. மூன்றாம் ஆண்டில் பார்த்தபோது குழுக்களுக்கிடையே இருந்த வித்தியாசமும் கரைந்திருந்தது.

பயிற்சி என்றால் என்ன? அதன் நடுநாயகம் ஒரு துண்டுச் சீட்டு. ஆசிரியர் ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று குறிகளை மட்டும் பார்த்து டிக் போடுவார்: கையைத் தூக்கிவிட்டுப் பேசினானா, கணக்கு நோட்டை முடித்தானா. சீட்டு அன்று மாலையே வீட்டுக்கு வரும். டிக் இருந்தால் அன்று மாலையே சின்னப் பரிசு, அரை மணி நேரம் கூடுதல் கிரிக்கெட் மாதிரி. ‘பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் சைக்கிள்’ என்பது இந்தக் குழந்தைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. காலாண்டு என்பதே அவனுக்கு வேறு யுகம். திட்டும் அப்படித்தான்: போன வாரத் தப்புக்கு ஞாயிற்றுக்கிழமை திட்டினால் அவன் எதற்கென்று தெரியாமல் விழிப்பான். வகுப்பில் அசைந்துகொண்டிருப்பதை நிறுத்தச் சொல்வதையும் ஆசிரியர் கொஞ்சம் யோசிக்கலாம். மார்க் ரேப்போர்ட்டின் ஆய்வுக்கூடத்திலிருந்து 2015இல் வந்த ஆய்வில், கவனக் குறைபாடுள்ள பையன்கள் நினைவில் வைத்துச் செய்யும் பணியின்போது அசைய அசைய நன்றாகச் செய்தார்கள். பின்பெஞ்சில் நின்றுகொண்டே எழுதட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?

இவை எல்லாவற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. நாட்காட்டியை நிரப்புவது, பட்டியலை ஒன்றாக்குவது, ஆசிரியரோடு பேசிச் சீட்டு முறையைத் தொடங்குவது எல்லாமே திட்டமிடும் வேலைகள். மாத்திரை நின்று நாலாம் நாள் சோர்ந்து கிடப்பவரிடம் ‘ஒரு திட்டம் போடு’ என்பது கொடுமை. இவற்றை அமைத்துவைக்கச் சரியான நேரம் மாத்திரை கையில் இருக்கிற மாதம்தான். ஆனால் அந்த மாதத்தில் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. இதற்கு ஓர் ஆய்வே சாட்சி. வில்லியம் பெல்ஹாம் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 146 குழந்தைகளில் பாதிப்பேருக்கு முதலில் பயிற்சியும் மறுபாதிக்கு முதலில் குறைந்த அளவு மருந்தும் கொடுத்து, போதாதபோது அளவைக் கூட்டினார்கள் அல்லது மற்றதைச் சேர்த்தார்கள். பயிற்சியில் தொடங்கிய குழந்தைகள் பள்ளி ஆண்டு முடிவில் வகுப்பு விதிகளைக் குறைவாக மீறினார்கள், செலவும் குறைந்தது. மருந்தில் தொடங்கிய குடும்பங்களுக்கும் தேவைப்பட்டபோது பெற்றோர் வகுப்பு வைத்துக் கூப்பிட்டார்கள். மிகச் சிலரே வந்தார்கள்.